நள்ளிரவில் ஃபர்னஸ் நின்றால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குளிர் -20க்குக் கீழே இறங்கும் முதல் இரவு என் ஃபோன் அடிக்கும். "தம்பி, வீடு ஐஸ்பெட்டி மாதிரிக் கிடக்கு, ஃபர்னஸ் செத்துப் போச்சு." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அது சாகவில்லை. பற்றரி இறங்கியிருக்கும், ஃபில்ரர் அடைத்திருக்கும், இல்லையென்றால் வெளிக்குழாயில் ஸ்னோ ஏறியிருக்கும். சொந்த வீட்டிலும் உறவுக்காரர் வீடுகளிலும் பத்துப் பதினைந்து வின்ரராக இதே வேலை. ஒவ்வொரு தரமும் ஃபோனில் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இது இயற்கை எரிவாயுவில் ஓடி, குழாய்வழியாகச் சூடான காற்றை ஊதும் ஃபர்னஸுக்கு மட்டும். ரொறன்ரோப் பக்கத்து வீடுகளில் பேஸ்மென்றில் நிற்கும் அந்தத் தகரப் பெட்டிதான். சுவரோரம் சூடாகும் மின் ஹீற்றருக்கோ, அப்பார்ட்மென்ற் கட்டடங்களின் பொயிலருக்கோ இது பொருந்தாது.

நான் லைசன்ஸ் உள்ள காஸ் ரெக்னீசியன் இல்லை. காஸ் குழாய், வால்வு, தீ எரியும் அறை இவற்றில் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்க வேண்டாம். ஒன்ராரியோவில் அந்த வேலைக்கு, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏயின் சான்றிதழ் வேண்டும்.

## காஸ் மணக்கிறது, அல்லது அலாரம் அடிக்கிறது

அழுகிய முட்டை மணம் வந்தால் ஒன்றையும் தேடிப் பார்க்க வேண்டாம். லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், வெளியே நின்று 911ஐயோ காஸ் பில்லில் இருக்கும் அவசர இலக்கத்தையோ அழையுங்கள். -25 என்றாலும் வெளியேதான். காருக்குள் ஏறி இருக்கலாம், ஆனால் கராஜுக்குள் வைத்து எஞ்சினைப் போடக்கூடாது.

கார்பன் மொனொக்சைட் அலாரம் நாலு தரம் கத்தி, நிறுத்தி, மறுபடி நாலு தரம் கத்தினால் அது உண்மையான எச்சரிக்கை. அதற்கும் வெளியேறி 911தான். நிமிடத்துக்கு ஒருதரம் ஒற்றையாகக் 'கீச்' என்றால் அனேகமாகப் பற்றரி முடிகிறது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்துவிட்டது. கார்பன் மொனொக்சைட் நச்சு வாயு, அதற்கு மணம் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் பிரட்டலும் வந்தால், அலாரம் பேசாமல் இருந்தாலும் வெளியே போங்கள். ஒன்ராரியோவில் 2014இலிருந்து இந்த அலாரம் சட்டப்படி கட்டாயம். உங்கள் வீட்டில் இல்லையென்றால் ஃபர்னஸை விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

## எதையும் தொட முன் ஐந்து நிமிடம் பாருங்கள்

தெர்மோஸ்ரற்றை அறையில் இருக்கும் சூட்டைவிட மூன்று டிகிரி கூட்டிவிட்டு, ரோர்ச் லைற்றோடு கீழே இறங்கி ஃபர்னஸுக்கு முன்னால் நில்லுங்கள். நல்ல ஃபர்னஸ் இந்த ஒழுங்கில் நடக்கும்: ஒரு சின்ன மோட்டர் 'ஙீ' என்று சுழலத் தொடங்கும். அரை நிமிடம் போல கழித்து உள்ளே செம்மஞ்சளாக ஒன்று ஒளிரும். பிறகு 'டிக்' சத்தம், நீலத் தீ பற்றும். இன்னும் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் பெரிய ஃபான் ஊதும்.

எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள். கீழே எந்தத் தலைப்புக்குப் போவது என்பதை அதுதான் சொல்லும்.

கதவுத் தகட்டில் சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தால் அதற்குள்ளே ஒரு எல்.ஈ.டி மின்னும். எத்தனை தரம் மின்னி நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள், இல்லாவிட்டால் ஃபோனில் வீடியோ எடுங்கள். அதன் பொருள் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். கொம்பனிக்குக் கொம்பனி அது மாறும், ஆகவே யூரியூப்பில் வேறொருவரின் ஃபர்னஸுக்குச் சொன்னதை நம்ப வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தினால் இந்தக் குறி சில ஃபர்னஸ்களில் அழிந்துவிடும். அதனால்தான் முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது. நிறுத்தித் திரும்பப் போட்டுப் பார்ப்பது இரண்டு தரத்துக்கு மேல் வேண்டாம்.

## அறிகுறி 1: ஒரு சத்தமும் இல்லை

தெர்மோஸ்ரற் திரை வெறுமையாக இருக்கிறதா? கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பற்றரி போடும் வகை என்றால் புதிய பற்றரி போடுங்கள். ரிமோட்டிலிருந்து கழற்றின பழையதைப் போட்டுவிட்டு "மாத்திப் பாத்தன், வேலை செய்யேல்லை" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். பற்றரி இல்லாமல் ஃபர்னஸிலிருந்தே கரண்ட் எடுக்கும் வகை என்றால், திரை வெறுமையாவதற்குக் காரணம் கீழே ஃபர்னஸில்தான்.

திரை தெரிகிறதா? 'ஹீற்' என்று இருக்கிறதா, 'கூல்' அல்லது 'ஓஃப்' என்று இருக்கிறதா பாருங்கள். கேட்கும் சூடு அறைச்சூட்டை விடக் கூடவா என்றும் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பேரப்பிள்ளை விரல் வைத்த தெர்மோஸ்ரற்றால் நான் ஒருமுறை மார்க்கம் வரைக்கும் காரோடிப் போயிருக்கிறேன்.

அடுத்தது சுவிச். ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ற் படியின் மேலேயோ லைற் சுவிச் மாதிரியே ஒன்று இருக்கும், பல வீடுகளில் சிவப்புத் தகட்டோடு. லைற் என்று நினைத்து யாரோ அணைத்திருப்பார்கள். போட்டுவிட்டு மேலே ஒரு ரேப் ஒட்டிவிடுங்கள்.

பிறகு பிறேக்கர் பெட்டி. விழுந்த பிறேக்கர் நடுவில் நிற்கும், பார்த்தால் விழுந்த மாதிரித் தெரியாது. முழுதாக அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஒருதரம் மட்டும். மறுபடி விழுந்தால் கரண்டில் பிழை, ரெக்னீசியன் வேலை.

பிறேக்கரும் சரியென்றால் ஃபர்னஸ் கதவைப் பாருங்கள். தகட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. தகடு அதை அழுத்தினால்தான் ஃபர்னஸுக்குக் கரண்ட் போகும். எங்கள் மாமி வீட்டில் ஃபர்னஸ் அறைதான் அரிசி மூட்டை வைக்கும் இடம். ஒரு ஜனவரி இரவு மூட்டையை இழுத்தபோது தகடு ஒரு விரலளவு விலகிவிட்டது. மூன்று மணித்தியாலம் எல்லாரும் கம்பளியோடு இருந்தார்கள். நான் போய்த் தகட்டைத் தூக்கி இருத்தினேன், 'ஙீ' என்றது. "இதுக்கே தம்பி இவ்வளவு பாடு?" என்று மாமி அரிசி மூட்டையைத்தான் ஏசினா. ஃபர்னஸைச் சுற்றி ஒரு மீற்றர் வெளியாக வைத்திருப்பது வேறு காரணங்களுக்கும் நல்லது.

தகட்டைத் திறந்தால், சுவிச்சை அணைத்த பிறகு, கொன்றோல் போட்டில் (ஃபர்னஸை இயக்கும் மின்சுற்றுப் பலகை) காரில் இருப்பதைப் போன்ற சின்ன ஃபியூஸ் இருக்கிறதா பாருங்கள். 3 அல்லது 5 அம்பியர் என்று அதிலேயே எழுதியிருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அம்பியரில் மாற்றுங்கள், கூடியதைப் போடவே கூடாது. புதியதும் எரிந்தால் எங்கோ வயர் முட்டுகிறது. அங்கே நிறுத்துங்கள், ரெக்னீசியனைக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் மிச்சம் இருப்பது பெரும்பாலும் ட்ரான்ஸ்ஃபோமரும் கொன்றோல் போட்டும்தான். போட் என்றால் சில நூறு டொலர்.

## அறிகுறி 2: சின்ன மோட்டர் சுழல்கிறது, தீ பற்றவில்லை

கடுங்குளிர்க் கிழமைகளில் எனக்கு வரும் அழைப்புகளில் அதிகமானது இது. ஆகவே கொஞ்சம் விரிவாக.

வெளிக்குழாய். புதிய வகை ஃபர்னஸ்களுக்கு வீட்டின் பக்கச்சுவரில் இரண்டு பிளாஸ்ரிக் குழாய்கள் வெளியே வரும். ஒன்று காற்றை உறிஞ்சும், மற்றது புகையை வெளியே தள்ளும். காற்றோடு ஸ்னோ கொட்டின இரவில் குவியல் இவற்றை மூடிவிடும். ஸ்னோவே இல்லாத -25 இரவிலும் வெளியேறும் ஈரம் குழாய் வாயிலேயே உறைந்து தாடி மாதிரித் தொங்கும். ஸ்னோ தள்ளும் மெஷின் வீசி எறிந்த குவியலும் அந்தப் பக்கம்தான் போய் விழும், அதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

ஃபர்னஸ் சுவிச்சை அணையுங்கள். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் முப்பது சென்ரிமீற்றராவது வெளியாகும்படி ஸ்னோவைத் தள்ளுங்கள். ஐஸைக் கையால் உடையுங்கள். சுத்தியல் வேண்டாம், குளிரில் பிளாஸ்ரிக் வெடிக்கும். கொதிதண்ணியும் வேண்டாம், குழாய்க்குள் ஓடி இன்னும் உறையும். உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் விட்டுச் சுவிச்சைப் போடுங்கள்.

அந்தப் பக்கமே காஸ் மீற்றரும் இருக்கலாம். அதன் மேல் ஸ்னோ இருந்தால் கையாலோ தும்புத்தடியாலோ மெதுவாகத் தட்டுங்கள். ஐஸ் பிடித்திருந்தால் நோண்டாமல் காஸ் கொம்பனியைக் கூப்பிடுங்கள்.

தண்ணி வழி. இந்த வகை ஃபர்னஸ் எரியும்போது தண்ணி விடும், கடுங்குளிரில் நாளுக்குப் பல லீற்றர். அது மெல்லிய குழாய்வழியாக நிலத்து வடிகாலுக்கோ, சின்னப் பம்ப் மூலம் லோன்றி சிங்குக்கோ போகும். அடைத்தால் ஃபர்னஸ் பாதுகாப்புக்காகத் தீயைப் பற்றவிடாது. பம்ப்பின் பிளக் செருகியிருக்கிறதா? தொட்டி நிரம்பி நிற்கிறதா? குழாய் மடங்கிக் கிடக்கிறதா? சூடில்லாத அறையூடாகவோ வெளியேயோ குழாய் போனால் அங்கே உறைந்திருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியில் நனைத்த துணியை வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். 'களக் களக்' என்ற சத்தம் சின்ன மோட்டர்ப் பக்கம் கேட்டால் தண்ணி தேங்கியிருப்பது கிட்டத்தட்ட நிச்சயம்.

காஸ் வருகிறதா? அடுப்பு காஸ் என்றால் ஒருதரம் பற்றிப் பாருங்கள். அடுப்பும் எரியவில்லையென்றால் பிரச்சினை ஃபர்னஸில் இல்லை.

இதெல்லாம் சரி, செம்மஞ்சள் ஒளிரவே இல்லை. பற்றவைக்கும் அந்தத் தண்டு போயிருக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை வெடித்துப் போகும் சாமான்தான். ரெக்னீசியனிடம் "இக்னைற்றர் ஒளிரேல்லை" என்று சொல்லுங்கள், வானில் சாமானோடு வருவார். ஒளிர்ந்தும் பற்றாவிட்டால் காஸ் வால்வுப் பக்கம். அதுவும் அவர் வேலை. சின்ன மோட்டரே சுழல மறுத்தால் அதுவும் அவர் வேலைதான், செலவும் கூட.

## அறிகுறி 3: பற்றுகிறது, அணைகிறது

எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று கையில் மணிக்கூட்டோடு பாருங்கள். பிழை அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

சில செக்கனில் அணைந்தால்: தீ பற்றியதை உணரும் கம்பியில் அழுக்கு. தீ இருக்கிறது என்று ஃபர்னஸுக்குத் தெரியாது, அதனால் காஸை நிறுத்திவிடும். மூன்று, நாலு தரம் முயன்றுவிட்டுப் பூட்டிக்கொள்ளும். அனேகமானவை ஒரு மணித்தியாலம் போல கழித்துத் தாமாகவே திரும்ப முயலும். ஆகவே இரவில் இடைக்கிடை கொஞ்சம் சூடு வரலாம். அந்தக் கம்பியைக் கழற்றித் தேய்த்துப் பூட்டுவது ரெக்னீசியனுக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் அது இருப்பது தீ அறைக்குள், அதனால் நான் தொடுவதில்லை. வந்தவர் இந்த ஒரு அறிகுறியை மட்டும் பார்த்துவிட்டு "புது ஃபர்னஸ்தான் போடவேணும்" என்றால், நன்றி சொல்லி அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

சில நிமிடம் எரிந்து அணைந்தால்: சூடு போக வழியில்லாமல் உள்ளே கொதித்து, காப்புச் சுவிச் அணைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு ஃபில்ரர் என்று நான் பந்தயம் கட்டுவேன். சுவிச்சை அணைத்து ஃபில்ரரை இழுத்து எடுங்கள், லைற்றுக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அதுதான் காரணம். கடை பூட்டியிருந்தால் ஓரிரவு ஃபில்ரர் இல்லாமல் ஓட்டலாம், காலையில் போடுங்கள். ஓரத்தில் அச்சடித்த அளவையே வாங்குங்கள். அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும்.

ஒரு அங்குலத் தடிப்பு ஃபில்ரரை மூன்று மாதத்துக்கு ஒருதரம் மாற்று என்று பெட்டியில் போட்டிருக்கும். அது தாளிதம் இல்லாத வீட்டுக் கணக்கு. மிளகாய் வறுத்து, மீன் பொரித்து, சாமியறையில் சாம்பிராணியும் போடும் எங்கள் வீடுகளில் வின்ரரில் மாதத்துக்கு ஒருதரம். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் மிக நெருக்கமான, விலை கூடிய ஃபில்ரர் நல்லது என்று நினைத்து வாங்கி, பழைய ஃபர்னஸை மூச்சுத் திணற வைப்பவர்களும் உண்டு.

ஃபில்ரர் சுத்தமென்றால் தரைத் துவாரங்களைப் பாருங்கள். கார்ப்பெற்றும் சோபாவும் அவற்றை மூடியிருக்கும். காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய சுவர்த் துவாரத்துக்கு முன்னால் கட்டில் போட்டிருப்பார்கள், குறிப்பாக பேஸ்மென்ற் வாடகை அறைகளில். இதெல்லாம் சரியாகியும் அணைந்தால் ரெக்னீசியன்.

## அறிகுறி 4: ஃபான் ஊதுகிறது, குளிர்க் காற்று

தெர்மோஸ்ரற்றில் ஃபான் 'ஒன்' என்று இருக்கிறதா? 'ஓட்டோ'வுக்கு மாற்றுங்கள். 'ஒன்'னில் இருந்தால் தீ இல்லாத நேரத்திலும் ஊதும், கைக்குக் குளிராகத்தான் இருக்கும். 'ஓட்டோ'விலும் இதே கதை என்றால் ஃபர்னஸ் பூட்டிக்கொண்டு நிற்கிறது. சுவிச்சை ஒரு நிமிடம் அணைத்துப் போட்டு, முன்னால் நின்று அறிகுறி 2 அல்லது 3ஐப் பிடியுங்கள்.

## அறிகுறி 5: தீ எரிகிறது, பெரிய ஃபான் ஓடவில்லை

இரண்டு நிமிடம் பொறுத்தும் ஊதாவிட்டால் சுவிச்சை அணையுங்கள். மோட்டரோ, அது சுழல உதவும் கப்பாசிற்றரோ (மின்தேக்கி) போய்விட்டது. கப்பாசிற்றர் மலிவு, மோட்டர் விலை. கப்பாசிற்றர் கரண்ட் நிறுத்தின பிறகும் அடிக்கும், ஆகவே அதில் கைவைக்க வேண்டாம்.

## அறிகுறி 6: நிற்காமல் ஓடுகிறது, சூடு ஏறவில்லை

முதலில் வெளியே எத்தனை டிகிரி என்று பாருங்கள். இந்தப் பகுதி வீடுகளுக்கு ஃபர்னஸின் அளவைக் கணக்கிடுவது ஏறக்குறைய -20 குளிரை வைத்து. அதற்குக் கீழே போனால் 22 கேட்டு 19இல் நிற்பது பிழை இல்லை, அந்த ஃபர்னஸின் எல்லை. இரவில் 16க்குக் குறைத்துவிட்டுக் காலையில் 22 கேட்கும் பழக்கத்தைக் கடுங்குளிர்க் கிழமையில் மட்டும் விடுங்கள்.

ஃபில்ரர், மூடின துவாரங்கள், திரைச்சீலை, ஜன்னல் ஓரக் காற்று இவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்ரற் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்து, அவண் எரிந்துகொண்டிருந்தால் மேலே வெக்கையும் கீழே பேஸ்மென்றில் நடுக்கமுமாக இருக்கும். ஒரே ஒரு அறை மட்டும் குளிர் என்றால் அது ஃபர்னஸ் பிரச்சினை இல்லை, குழாய்ப் பிரச்சினை. வசந்தம் வரும்வரை பொறுக்கலாம்.

## அறிகுறி 7: சத்தம்

பற்றும்போது 'டொம்' என்று வெடித்தால் அணைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், இதில் சோதனை ஒன்றும் இல்லை. இரும்பு உரசும் சத்தத்துக்கும் அப்படியே. தொடங்கும்போதும் நிற்கும்போதும் தகரம் 'டக் டக்' என்பது சூட்டில் விரிவது, விட்டுவிடுங்கள்.

## ரெக்னீசியன் வரும்வரை

எண்பதுகளில் கட்டின எங்கள் செமி வீடு (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டினது) -20இல் மணித்தியாலத்துக்கு ஒரு டிகிரி அளவில் இறங்கும். இரவு பதினொன்றுக்கு நின்றால் விடியும்வரை தாக்குப் பிடிக்கும். அதனால் பகல் கட்டணத்துக்குக் காத்திருப்பதா, இரவுக் கட்டணம் கொடுப்பதா என்று யோசிக்க நேரம் இருக்கிறது. கைக்குழந்தையோ வயது போனவர்களோ இருந்தால் யோசிக்க வேண்டாம், கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களைச் சூடுள்ள வீட்டுக்கு அனுப்புங்கள்.

எல்லாரும் ஒரு அறைக்குள் படுங்கள், கதவடியில் துவாயைச் சுருட்டி வையுங்கள். மின் ஹீற்றர் 1500 வாட் என்றால் 12.5 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் பிறேக்கரில் இரண்டைப் போட்டால் விழும், ஒரு பிறேக்கருக்கு ஒன்றுதான். நேரே சுவரில் செருகுங்கள், எக்ஸ்ரென்ஷன் வயரில் வேண்டாம். கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

காஸ் அவணைத் திறந்துவைத்துக் குளிர்காய வேண்டாம். பார்பிகியூ, கரி, ஜெனரேற்றர் ஒன்றும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ வேண்டாம். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மட்டும் மூன்று லட்சம் வாடிக்கையாளர்கள் அளவில் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். அந்த நாள்களில் கரியை உள்ளே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. கரண்ட் இல்லாவிட்டால் காஸ் இருந்தும் ஃபர்னஸ் ஓடாது என்பதை அந்தக் கிழமைதான் பலர் முதன்முதலாக அறிந்தார்கள்.

தண்ணிக் குழாயைக் கவனியுங்கள், அது வெடித்தால் ஃபர்னஸை விடச் செலவு. வெளிச்சுவரோடு இருக்கும் சிங்குகளின் கீழ்க் கதவுகளைத் திறந்துவிடுங்கள், பைப்பை மெல்லிய நூல் மாதிரி ஓடவிடுங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதென்றால் பிரதான வால்வை மூடி, கீழ்ப் பைப்பைத் திறந்து வடியவிடுங்கள். அந்த வால்வு பெரும்பாலும் பேஸ்மென்றின் முன்சுவரில் இருக்கும். இன்று வெளிச்சத்தில் ஒருதரம் போய்ப் பார்த்து வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஃபர்னஸைத் திறக்க வேண்டாம். வீட்டுக்காரருக்கு எழுத்தில், ரெக்ஸ்ற் மெசேஜிலாவது அறிவியுங்கள், தெர்மோஸ்ரற்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை. அசையாவிட்டால் மாநகரசபையின் 311ஐ அழையுங்கள்.

## வந்தவர் சொல்வதைக் கேட்க முன்

கூப்பிடும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்தப் படியில் நிற்கிறது, எத்தனை தரம் மின்னுகிறது, நீங்கள் எதையெதைப் பார்த்துவிட்டீர்கள். வந்து பார்க்கும் கட்டணத்தையும் இரவுக்கு எவ்வளவு கூட என்பதையும் ஃபோனிலேயே கேளுங்கள்.

"ஹீற் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சுப் போச்சு" என்று, அதாவது தீயின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பகுதியில் வெடிப்பு விழுந்துவிட்டது என்று, சிவப்புத் துண்டு தொங்கவிட்டால் அது பாரதூரமானது. அந்த ஃபர்னஸைத் திரும்பப் போடக்கூடாது. ஆனால் வெடிப்பைக் காட்டச் சொல்லுங்கள், படம் கேளுங்கள். உண்மையிலேயே வெடித்திருந்தால் காட்டத் தயங்க மாட்டார். புதியதற்கு அதே இரவில் கையெழுத்து வைக்க வேண்டாம், ஹீற்றர்களோடு இரண்டு நாள் சமாளித்து மூன்று விலை எடுங்கள். குளிருக்குள் கதவைத் தட்டி "ஃபர்னஸ் செக் பண்ண வந்தனாங்கள்" என்பவர்களை உள்ளே விட வேண்டாம். கூப்பிடாமல் வந்து வீட்டு வாசலில் ஃபர்னஸ் ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராரியோவில் 2018 மார்ச் 1இலிருந்து தடை. வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம்.

திருத்திய பிறகு அவர் போக முன் மூன்று சுற்று ஓடவிட்டுப் பாருங்கள். வெளிக்குழாயை ஒருதரம் எட்டிப் பாருங்கள். மாற்றின சாமானையும் திகதியையும் மார்க்கரால் ஃபர்னஸின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எங்களுடையதில் ஐந்து வரி இருக்கிறது, அதில் மூன்று ஜனவரி.